அன்னையின் இல்லமும் அடியார்களின் வீடுகளும்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பகுதியில், வால்சிங்காம் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் தெருக்களில் நடப்போரின் கண்ணில் முதலில் படுபவை பழைய வீடுகளே. மரச் சட்டங்களை நிறுத்தி, இடையே சுள்ளிகளைப் பின்னி, மண் பூசி எழுப்பியவை அவை. சிலவற்றின் மேல்மாடி தெருவின்மேல் சற்றே நீண்டு நிற்கும். சிலவற்றின் செங்கல் முகப்பு பிற்காலத்தது. அதன் பின்னே பழைய மரச்சட்டம் ஒளிந்திருக்கும். வீடுகளினூடே குறுகிய சந்துகள் செல்கின்றன. சதுக்கத்தில் 16-ஆம் நூற்றாண்டின் எண்கோண நீர் மண்டபம் இன்றும் நிற்கிறது.

சிற்றூர் ஒன்றுக்கு இத்தனை பழம்பெரும் வீடுகள் வாய்த்தது எப்படி? அவற்றுள் பல, திருப்பயணிகள் தங்கிய விடுதிகள். 1061-இல் ரிச்செல்டிஸ் என்னும் பெருமாட்டி காட்சியில் கண்டவாறு, நாசரேத்து இல்லத்தைப் போன்றதொரு சிறு வீட்டை இங்கு எழுப்பினார் என்பது மரபு. மங்கள வார்த்தை ஒலித்த வீட்டின் நினைவாக எழுந்த அவ்வில்லத்தை அகுஸ்தீன் சபைத் துறவியர் காத்தனர். மன்னரும் ஏழையரும் அதனை நாடி வந்தனர். எட்டாம் ஹென்றி மன்னனே, மகன் பிறந்த மகிழ்ச்சியில் 1511-இல் இங்கு வந்து வணங்கினான்.

அம்மன்னனின் ஆட்சியிலேயே அழிவும் வந்தது. மடங்கள் மூடப்படுவதை எதிர்த்துக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக 1537-இல் பதினொருவர் கொல்லப்பட்டனர். அவர்களுள் மடத்தின் துணைத்தலைவர் நிக்கோலஸ் மைலமும் பொதுநிலையினரான ஜார்ஜ் கிஸ்பரோவும் இவ்வூரிலேயே தூக்கிலிடப்பட்டனர். மடத்தலைவரோ அரசுக்கு இசைந்து ஓய்வூதியம் பெற்றார். 1538-இல் மடம் ஒழிக்கப்பட்டது. அன்னையின் சுரூபம் இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டது. பெருங்கோவிலின் கிழக்கு வளைவு மட்டும் புல்வெளியில் தனித்து நிற்கிறது.

அன்னையின் இல்லம் அழிந்தது. அவளைக் காண வந்தோர் தங்கிய வீடுகள் எஞ்சின. இங்கிலாந்தின் கத்தோலிக்க வரலாறு முழுவதும் இவ்வாறே. 1791 வரை கத்தோலிக்கர் பொது வழிபாட்டிடம் அமைக்கச் சட்டம் இடந்தரவில்லை. விசுவாசிகளின் வீடுகளே ஆலயங்களாயின. அங்கேயே திருப்பலி மறைவாக நடந்தது, செபமாலை மறையாமல் காக்கப்பட்டது.

ஊருக்கு ஒரு மைல் முன்னே காலணிச் சிற்றாலயம் உள்ளது. பயணிகள் இங்கே காலணிகளைக் களைந்து, எஞ்சிய வழியை வெறுங்காலுடன் நடந்தனர் என்பர். அழிவுக்குப் பின் அது மாட்டுத் தொழுவமாகவும் பயன்பட்டது. சார்லட் பாய்ட் என்னும் பெண்மணி 1896-இல் அதனை வாங்கித் திருச்சபைக்கு மீட்டார். 1934-இல் அது கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமாயிற்று. 2015-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஈழத்தமிழ்க் கத்தோலிக்கர் அங்கே பெருந்திரளாகக் கூடித் தமிழில் அன்னையைப் போற்றுகின்றனர். போரால் வீடிழந்தோர் பலர் அத்திரளில் இருக்க, நாசரேத்து வீட்டின் நினைவு அவர்களுக்கு எத்துணை ஆறுதல்!

பெரிய கோவில்களைக் கட்டுவதில் நாம் பெருமை கொள்கிறோம், அது நன்றே. ஆயினும் கோபுரம் சாயும் நாள் வந்தால், விசுவாசம் தங்கும் இடம் எது? நம் வீட்டின் மாலைச் செபமும், வழிப்போக்கனுக்குத் திறக்கும் கதவும் அல்லவா? நாசரேத்தும் ஒரு வீடாகவே தொடங்கியது.