ஐந்து நாள் விடுமுறை

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். 'இந்த வருஷம் என்ன கிழித்தோம்?' என்று கணக்குப் பார்க்கிற வியாதி. எழுதியது எத்தனை, தேறியது எத்தனை, திட்டு வாங்கியது எத்தனை... கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் நஷ்டம்தான்!

1869 டிசம்பரில் இப்படியொரு நஷ்டக் கணக்கோடு நொந்துபோய் உட்கார்ந்திருந்தார் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் குஸ்தாவ் ஃப்ளாபேர். 'மதாம் பொவாரி' எழுதிய அதே ஆசாமி.

வயது 48. கல்யாணம் கிடையாது. ஸேன் நதிக்கரையில், க்ருவாஸே என்ற சின்ன ஊரில் அம்மாவோடு வாசம். ஒரு வாக்கியம் எழுதுவார். அதை உரக்கப் படித்துப் பார்ப்பார். காதுக்கு இடறினால் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. 'மதாம் பொவாரி'க்கு இப்படியே ஏறக்குறைய ஐந்து வருஷம். பின்னால் எழுதிய 'சென்டிமென்டல் எஜுகேஷன்' நாவலுக்கும் ஐந்து வருஷம். அது 1869 நவம்பரில் வெளிவந்தது. பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்துவிட்டன!

போதாக்குறைக்கு, அந்த ஜூலையில்தான் அவருடைய உயிர் நண்பர் லூயி பூய்யே காலமாகியிருந்தார். ஃப்ளாபேர் எழுதியதைப் படித்து 'இது சரி, இது வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்லும் கவிஞர். அக்டோபரில் பெரிய விமர்சகர் சேன்ட் பேவும் போய்விட்டார். நாவல் வந்தபோது அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இல்லை. ஏசுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள்.

ஃப்ளாபேர் மனசு கேட்காமல் ஒரு பாட்டிக்குக் கடிதம் போட்டார். 'எல்லாரும் போட்டு மிதிக்கிறார்கள், நீங்களாவது நாலு வரி எழுத முடியுமா?' என்கிற பாணியில்.

சாதாரணப் பாட்டி இல்லை அவர். ஜார்ஜ் சாண்ட்! அது ஆண் புனைபெயர். நிஜப் பெயர் ஒரோர் துப்பேன். இளமையில் ஆண் உடை, கையில் சுருட்டு, இசைமேதை ஷோப்பானோடு காதல் என்று பாரிஸையே வாய் பிளக்க வைத்தவர். 1869-ல் வயது 65. நோவான் என்ற கிராமத்தில், தன் பெரிய வீட்டில், இரண்டு பேத்திகளோடு நிம்மதியாக இருந்தார்.

இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்பதுதான் ஆச்சரியம். அவர் ஒரு பக்கத்துக்கு நாள்கணக்கில் முட்டி மோதுவார். இவர் ராத்திரி உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார். இவருக்கு மக்கள்மேல் நம்பிக்கை, குடியரசின்மேல் நம்பிக்கை, நாளைய உலகத்தின்மேல் நம்பிக்கை. அவருக்கோ எதன்மேலும் கிடையாது! 'எழுத்தில் எழுதுகிறவன் தலைகாட்டக் கூடாது' என்பது அவர் கட்சி. 'மனசைக் காட்டாமல் எழுதுவது என்ன எழுத்து?' என்பது இவர் கட்சி.

ஆனாலும் 1863-ல் ஃப்ளாபேரின் 'சலாம்போ' நாவலைப் பலரும் கேலி செய்தபோது, பாராட்டி எழுதினார் சாண்ட். இவர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். அப்படி ஆரம்பித்து, இருவருக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் நானூறுக்கும் மேல். ஃப்ளாபேர் கடைசிவரை அவரை 'நீங்கள்' என்றே எழுதினார். 'குருவே' என்று விளிப்பார். போகப்போக உரிமை எடுத்துக்கொண்டு 'நீ' என்றே எழுத ஆரம்பித்தார் பாட்டி.

சாண்ட் பல தடவை 'நோவானுக்கு வா' என்று கூப்பிட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அதே பதில்... நாவல் முடியவில்லை! இந்த முறை சாண்ட் 'லா லிபெர்தே' பத்திரிகையில் நாவலை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். மறுபடி கூப்பிட்டார். டிசம்பர் 23-ம் தேதி ஃப்ளாபேர் போய் இறங்கினார்.

ஐந்து நாள். கிறிஸ்துமஸ் மரம், விருந்து, பேத்திகளின் கூத்து. சாண்டின் மகன் மொரீஸ் பொம்மலாட்டத்தில் கில்லாடி. பொம்மைத் தலைகளை மகன் செதுக்க, உடைகளைத் தைத்தது அம்மா! ஃப்ளாபேர் குழந்தை மாதிரி உட்கார்ந்து ரசித்தார். தான் கூட்டாக எழுதிய ஒரு மாயாஜால நாடகத்தை மணிக்கணக்கில் படித்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது, மேடையில் தேறாது' என்கிற மாதிரி டைரியில் குறித்துக்கொண்டார் சாண்ட். அப்படியே ஆனது, ஃப்ளாபேர் உயிரோடு இருந்தவரை அது மேடையேறவே இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி நடந்ததுதான் உச்சம். பிரெஞ்சு உரைநடையின் அந்தப் பெரிய மனிதர் பெண் வேஷம் போட்டுக்கொண்டு, இன்னொரு நண்பரோடு ஸ்பானிய நடனம் ஆடினார்! வீடே சிரித்து உருண்டது. விமர்சகர்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதன்பிறகு வந்ததெல்லாம் கெட்ட காலம். 1870-ல் யுத்தம். க்ருவாஸே வீட்டில் பிரஷ்யச் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். 1872-ல் அம்மா இறந்தார். 1875-ல், வளர்த்த மருமகளின் கணவர் வியாபாரத்தில் திவாலாக, அவரைக் காப்பாற்றத் தன் நிலத்தை விற்றார் ஃப்ளாபேர். வீடும் போய்விடுமோ என்ற நிலை. 'எனக்குக் கட்டுப்படியாகிற விலை என்றால் அந்த வீட்டை நானே வாங்குகிறேன். நீ சாகும்வரை அதிலேயே இரு' என்று எழுதினார் சாண்ட். அதற்கு அவசியம் வரவில்லை. ஆனால், கேட்டார் பாருங்கள்!

அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு கடிதம். இது கொஞ்சம் கசப்பு. 'உன்னைப் படிக்கிறவர்கள் இன்னும் சோகமாகிறார்கள். உனக்கு இருக்கிற நல்ல மனசை ஏன் எழுத்தில் ஒளித்துவைக்கிறாய்?' என்பது அதன் சாரம். ஃப்ளாபேர் மசியவில்லை. எனக்குத் தெரிகிறபடிதானே எழுத முடியும் என்று பதில் போட்டார்.

பதில்தான் அப்படி. சில மாதத்தில் சத்தமில்லாமல் ஒரு கதையை ஆரம்பித்தார். அரை நூற்றாண்டு ஒரே வீட்டில் உழைத்து, நேசித்தவர்களை ஒவ்வொருவராக இழந்து, கடைசியில் ஒரு கிளியின்மேல் பாசம் வைக்கிற வேலைக்காரியின் கதை. துளி கேலி கிடையாது. கிளி சரியாக அமைய வேண்டுமென்று ரூவான் மியூசியத்திலிருந்து பாடம் செய்த கிளி ஒன்றை இரவல் வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார். 'எளிய இதயம்' என்ற அந்தக் கதை 1877-ல் புத்தகமாக வந்தது.

சாண்ட் அதைப் படிக்கவில்லை. கதை பாதியில் இருந்தபோதே, 1876 ஜூன் 8-ம் தேதி நோவானில் இறந்துவிட்டார். ஃப்ளாபேர் இறுதிச் சடங்குக்குப் போனார். பேத்தியை அணைத்துக்கொண்டபோதும் சவப்பெட்டியைப் பார்த்தபோதும் தேம்பித் தேம்பி அழுததாக, நண்பர் துர்கனேவுக்கு அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கதையை உங்கள் அம்மாவுக்காகத்தான் ஆரம்பித்தேன் என்று பின்னால் மொரீஸிடமும் சொன்னார்.

1869-ல் விமர்சகர்கள் சொன்னதும், 1875-ல் சாண்ட் சொன்னதும் ஏறக்குறைய ஒரே குறைதான். 'உன் எழுத்தில் ஈரம் இல்லை!' பத்திரிகைகள் சொன்னபோது கோபம் வந்தது. சாண்ட் சொன்னபோது ஒரு நல்ல கதை வந்தது.

சொன்னவர் யார் என்பதில்தான் வித்தியாசம். தான் பெண் வேஷம் போட்டு ஆடியதைப் பார்த்துச் சிரித்தவர், வீடு போகிறது என்றதும் வாங்கித் தருகிறேன் என்றவர், அவர் சொன்னார். அதனால் காதில் விழுந்தது.

வருஷக் கடைசிக் கணக்கில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி நம்மிடம் சொல்ல ஒருவர் இருக்கிறாரா? இருந்தால், அவருக்காக எழுதுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.