முள்ளியவளை – வற்றாப்பளை மடைப்பண்ட வழி

முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையிலுள்ள காட்டா விநாயகர் ஆலயத்துக்கும், நந்திக்கடல் நீரேரி ஓரத்திலுள்ள வற்றாப்பளை கண்ணகி அம்மன் ஆலயத்துக்கும் இடைப்பட்ட சில கிலோமீற்றர் நீளமான வழி. ஆண்டுதோறும் வைகாசிப் பூரணையை ஒட்டிவரும் திங்கட்கிழமை இவ்வழியாக மடைப்பண்டங்கள் கொண்டு செல்லப்பட்டு, அம்மனுக்குப் பொங்கல் நடைபெறுகிறது. வழி குறுகியது, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டும் நடந்துவிடலாம். ஆனால் வன்னிப் பெருநிலப்பரப்பின் மிகப் பெரிய பொங்கல் இந்தக் குறுகிய நடையின்மேல்தான் நிற்கிறது. இரண்டு கோயில்களையும் தனித்தனியே விவரிக்கும் நூல்கள் அவற்றுக்கு நடுவிலுள்ள வழியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது பெருங்குறை. உண்மையில் இரண்டு கோயில்களுக்கும் சேர்த்து ஒரே பொங்கல்தான். அது காட்டா விநாயகரிடம் தொடங்கி அம்மனிடம் முடிகிறது.

சடங்கு பாக்குத்தெண்டலுடன் ஆரம்பமாகும். பொங்கலுக்கு இரண்டு வாரம் முந்திய திங்கட்கிழமை, பொங்கல் அறிவிப்பாக ஊர் வீடுகளில் பாக்குத் தெண்டப்படும். அடுத்த திங்கள் தீர்த்தமெடுப்பு. முள்ளியவளையிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவுக்கு அருகே சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்குச் சென்று, பெருங்கடலில் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு வருவர். வைகாசியில் வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் வீசத் தொடங்கிவிடும். கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. தீர்த்தக்குடம் வரும் தெருவெங்கும் வாசல்களில் நிறைகுடம் வைத்து மக்கள் காத்திருப்பர். குடம் சேருமிடம் அம்மன் கோயிலன்று, காட்டா விநாயகர் ஆலயம். அங்கே அந்தக் கடல்நீரை வார்த்து விளக்கேற்றுவர். உப்புநீர் விளக்கு ஏழு நாள் எரியும் என்பது அடியார் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகர் பொங்கல். அந்த இரவு கழிந்து திங்கள் பிறக்கையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், அரிசி முதலான மடைப்பண்டங்களுடன் ஊர்வலம் வற்றாப்பளை நோக்கிப் புறப்படும். பறையும் உடன் செல்லும்.

திங்கள் பகலில் வன்னியின் எல்லாத் திசைகளிலிருந்தும் வண்டிகளிலும் கால்நடையாகவும் மக்கள் வந்து சேர்வர். பாற்செம்பு, காவடி, தூக்குக்காவடி நேர்த்திகள் நாள் முழுவதும் நடக்கும். வளந்து எனப்படும் பெரும் பொங்கற்பானை அடுப்பேறும்போது இரவாகிவிடும். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. ஆகவே வைகாசியில் கமக்காரர் வீடுகளில் புது அரிசி இருக்கும். மாடு வளர்ப்போரிடம் பாலுக்கும் குறைவிராது. வயலும் மாடும் கடலும் ஒன்றுசேரும் இடமாக வற்றாப்பளை இருப்பதால்தான், கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே அம்மனுக்கு நேர்த்தி வைக்கின்றனர்.

கடல்நீர் விளக்குக்கு ஊர் வழக்கிலுள்ள கதை கண்ணகியோடு தொடர்புடையது. மதுரையை எரித்த பின் கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கியது நந்திக்கடல் ஓரம் என்றும் சொல்வர். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் வேப்பமர நிழலில் ஒரு மூதாட்டியைக் கண்டனர். பசி என்றாள், பொங்கிக் கொடுத்தனர். பொழுது பட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை எடுத்து ஏற்றும்படி சொன்னாள், விளக்கு எரிந்தது. தன் தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது, தலைமயிருக்குள்ளே ஆயிரம் கண்களைக் கண்டு சிறுவர்கள் திகைத்தனர். வைகாசித் திங்களில் மீண்டும் வருவதாகச் சொல்லி அவள் மறைந்தாள். இக்கதையில் அரசனோ புலவனோ குருக்களோ இல்லை. தெய்வத்தை முதலில் கண்டவர்கள் மாட்டுக்காரப் பிள்ளைகள். அவர்கள் கொடுத்தது ஒருவேளைச் சோறு. வன்னி மக்கள் தங்கள் அம்மனிடம் காட்டும் உரிமைக்கு வேர் இதுவே என்று கொள்ளலாம்.

கண்ணகி வழிபாடு இலங்கை முழுவதற்கும் உரியது. சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை, சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கை அரசன் கயவாகு கலந்துகொண்டதைக் கூறுகிறது. இவனை 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவாக ஆய்வாளர் பலர் கொள்வர். சிங்கள மக்கள் இத்தெய்வத்தைப் பத்தினி என வணங்குகின்றனர். அவ்வழிபாட்டைப் பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் உலகறிந்தது. தமிழர் பகுதிகளில் இவ்வழிபாட்டின் கதி ஒரே மாதிரியாக அமையவில்லை. யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் சைவ மறுமலர்ச்சியின்போது, ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாடு ஆகமத்துக்குப் புறம்பானதென்று கடுமையாகக் கண்டித்தார். பிறகு அங்கிருந்த கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி போன்ற பெயர்களுக்கு மாறின. மட்டக்களப்பிலும் வன்னியிலும் கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். நாவலரின் தமிழ்ப் பணியில் குறை காண இடமில்லை. ஆனால் இந்த ஒரு விடயத்தில் வன்னிக் கமக்காரர் அவரைவிடத் தெளிவாக இருந்தனர் என்றே சொல்ல வேண்டும். அவர்கள் பெயரை மாற்றியிருந்தால் கடல்நீர் விளக்குக்கும் மடைப்பண்ட நடைக்கும் காரணமே இல்லாமற் போயிருக்கும்.

அந்நியர் ஆட்சியும் இங்கே தாமதமாகவே இறுகியது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்கு முழுமையாகப் போன பின்னரும், காடு சூழ்ந்த வன்னி, வன்னியர் எனப்பட்ட சிற்றரசர்களின் பொறுப்பில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் முல்லைத்தீவில் கோட்டை அமைத்தனர். அது ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின், 1803 ஓகஸ்ட்டில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் அக்கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவை அண்டி நடந்த மோதலில் தோற்றான். கோயிலைப் பற்றிய நினைவில் பதிந்த அந்நியன் வேறொருவன். குதிரையேறி வந்து அம்மனின் வல்லமையைப் பழித்த பறங்கி அதிகாரி ஒருவன்மீது, கோயிலடிப் பன்னிச்சை மரம் காற்றில்லாமலே ஆடிக் காய்களைச் சொரிந்தது என்பர். அந்நிகழ்ச்சியைப் பாடும் ‘பன்னிச்சையாடிய பாடற்சிந்து’ வன்னியின் சிற்றிலக்கியங்களுள் ஒன்று.

வழியோடு கலையும் வளர்ந்தது. கண்ணகி கதையை ஆடும் கோவலன் கூத்து, முல்லைத்தீவுப் பகுதியில் முல்லைமோடி என்ற தனிப் பாணியாக உருப்பெற்றது. பொங்கலில் கதை கேட்டு, பின் கூத்தில் அதையே பார்த்து வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு. படிக்காத முதியவர்கூடப் புகாரிலிருந்து மதுரை வரை கதையை விடாமற் சொல்வது அதனாலேதான். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியமும், வன்னிநாட்டுப் பாடல்களைத் தொகுத்த செ. மெற்றாஸ்மயிலும் இம்மரபுகளை எழுத்தில் பதித்தவர்களுள் முக்கியமானவர்கள்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை தீர்த்தக்கரையுள்ள முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தது. அடுத்து வந்த உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டம் அதனினும் பெரிது. 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு நந்திக்கடலின் மறுகரைப் பக்கமாக ஒதுங்கினர். எந்த நீரேரியின் ஓரத்தில் அம்மன் கோயில் இருக்கிறதோ அதே நீரேரியின் கரையில் மே மாதம் போர் முடிந்தது. அவ்வாண்டு வைகாசியில் பாக்குத் தெண்ட வீடுகளில் ஆட்கள் இல்லை. தப்பியவர்கள் வவுனியா செட்டிகுளம் முகாம்களில் கம்பி வேலிக்குள் இருந்தனர். மீள்குடியேற்றம் கட்டம் கட்டமாகவே நடந்தது. தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்திலேயே மக்கள் பொங்கலுக்குத் திரும்பிவிட்டனர். அயலிலுள்ள கேப்பாப்புலவில் படையினர் வசமிருந்த காணிகளைக் கேட்டு 2017 மார்ச் 1இல் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2020இல் கொரோனாக் கட்டுப்பாடுகளால் பொங்கல் மட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கையினருடன் நடைபெற்றது.

ஆலயங்களை நடையால் இணைக்கும் வழக்கம் பிற சமயங்களிலும் உண்டு. உரோமாபுரியின் ஏழு தேவாலயங்களை நடந்து தரிசிக்கும் மரபுக்கு 16ஆம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி புத்துயிர் கொடுத்தார். மத்தியதரைக் கடலின் மால்ற்றாத் தீவில் பெரிய வியாழனன்று மக்கள் தேவாலயம் தேவாலயமாக நடக்கின்றனர். வன்னியின் மேற்கு ஓரத்தில், ஒல்லாந்தர் துன்புறுத்தலுக்குத் தப்பிய கத்தோலிக்கர் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைக் காட்டுவழியே சுமந்து சென்றதே மடுத் திருத்தலத்தின் தொடக்கம். 2008 ஏப்ரலில் அதே சொரூபம் போரால் மீண்டும் இடம்பெயர்ந்து, தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் திரும்பியது. வற்றாப்பளை நடை இவற்றில் மடுவுக்கே நெருக்கமானது. உரோமாபுரியில் அடியார் தம் புண்ணியத்துக்காக நடக்கிறார். இங்கே நீரும் பண்டமும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போய்ச் சேரவேண்டும், அதற்காக ஊர் நடக்கிறது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோரும் வற்றாப்பளையில் தங்கி, பொங்கல் கண்டு செல்வது வழக்கம்.

பாக்குத்தெண்டல் முதல் வளந்து வரை ஒவ்வொரு பணிக்கும் பரம்பரை உரிமையும் கடமையும் உடைய குடும்பங்கள் உள்ளன. முறைகள் அவர்களிடம் வாய்மொழியாகவே தங்கியுள்ளன. போரிலும் இடப்பெயர்விலும் முதியவர்கள் பலர் மறைந்தனர். வீட்டுப் பெட்டிகளிலிருந்த ஏடுகளும் படங்களும் அழிந்தன. தீர்த்தமெடுப்பு, மடைப்பண்டம், கோவலன் கூத்து பற்றிய பழைய படமோ ஏடோ ஒலிப்பதிவோ வன்னியிலோ புலம்பெயர் நாடுகளிலோ வைத்திருப்போர், அதன் படியொன்றை ‘நூலகம்’ போன்ற எண்ணிம ஆவணகத்துக்கு வழங்க வேண்டும். முறை தெரிந்த முதியவர் வீட்டில் இருப்பின், வரும் வைகாசிக்கு முன்பே அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.