தலையை வெட்டினவனுக்கு ஏழு வருஷம்தானா?

ராயபுரம் சிமெட்டரி ரோடு பக்கம் போகிறபோதெல்லாம் எனக்கு ஆளவந்தார் ஞாபகம்தான் வரும். எங்க பாட்டி அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "தலையை வெட்டினவனுக்கு ஏழு வருஷம்தானாடா?"

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. ஆளவந்தார் சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்தவர். 1952 ஆகஸ்ட் 28 அன்று ராயபுரத்தில் பிரபாகர மேனன் – தேவகி தம்பதியின் வீட்டில் கொல்லப்பட்டார். தேவகிக்கும் அவருக்கும் பழைய தொடர்பு உண்டு. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் போட்மெயில் ஏறியது. மறுநாள் மானாமதுரையில் நாற்றம் தாங்காமல் பெட்டியைத் திறந்தார்கள். தலை கிடைத்தது நம்ம ராயபுரம் கடற்கரையில். தம்பதி பம்பாயில் பிடிபட்டார்கள்.

1953-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் முன்னால் ஜூரியோடு விசாரணை நடந்தது. மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு தண்டனை.

இங்கேதான் பாட்டியின் கேள்வி. நான் வக்கீல் இல்லை, ஆர்வத்தில் சட்டப் புத்தகம் புரட்டுகிறவன். புரட்டியதில் புரிந்தது இது: ஊர் கொலை என்று சொல்வதெல்லாம் சட்டத்துக்கு ஒன்றில்லை. 1860-ல் எழுதிய இ.பி.கோ. அதை இரண்டாகப் பிரித்தது. 300-வது பிரிவில் வருவது கொலை. அதற்கு 302-ன் கீழ் தூக்கு, இல்லையென்றால் ஆயுள் (அப்போது அதன் பெயர் ஆயுள்கால நாடுகடத்தல்). அதற்குக் குறைந்து கொடுக்கவே முடியாது. ஆக, ஏழு வருஷம் என்றாலே அது 302 இல்லை. கொலையாகாத மரணம், அதாவது 304.

300-ல் முதல் விதிவிலக்கு, கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல். தன் கட்டுப்பாட்டை இழந்த நேரத்தில் செய்தது. ஆனால் அந்த ஆத்திரத்தைக் கொல்பவனே தேடிப்போய் வரவழைத்திருக்கக் கூடாது. ஆளவந்தாரைக் கொல்லவே வீட்டுக்கு வரவழைத்தார்களா, வந்த இடத்தில் மேனனுக்கு வெறி ஏறியதா? எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

பம்பாயில் 1959-ல் நானாவதி வழக்கு. மனைவி உண்மையைச் சொன்ன பிறகு அவர் குடும்பத்தை சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, பிறகுதான் சுட்டார். ஜூரி 8-க்கு 1 என்று விடுவித்தது. உச்ச நீதிமன்றமோ 1961-ல், இடையில் ஆத்திரம் அடங்க நேரம் இருந்தது, இது கொலைதான் என்று ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

சரி, தலை? உயிர் போன பிறகு உடலை வெட்டியது எவ்வளவு கொடூரமானாலும், கொன்ற நொடியில் மனசில் என்ன இருந்தது என்பதை அது மட்டும் முடிவு செய்யாது. தடயத்தை மறைப்பது 201, தனிக் குற்றம். நம்மை உறைய வைப்பது தலை. சட்டம் பார்ப்பது அதற்கு முந்தைய நிமிடங்களை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து 302 என்பது 103 ஆகிவிட்டது, 304 என்பது 105. எண்தான் மாறியது, கோடு அதே இடத்தில்.

பாட்டி இருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டு, "அப்போ ஆளவந்தார் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்றுதான் கேட்டிருப்பாங்க. அதற்கு என்னிடம் பிரிவு எண் எதுவும் இல்லை.