நோட்டில் பேர் இருக்கா?

மழை பொய்த்தால் எங்க கரிசல் சனத்துக்கு பயர் ஆபீஸ்தான் கதி. வேலையில் செத்தால் நஷ்டஈடு என்று 1923லேயே சட்டம் வந்தாச்சு. முதலாளி ஐகோர்ட்டுக்கு அப்பீல் போகணும்னா, தொகையை முதலில் ஆணையரிடம் கட்டணும். 2009ல் ஒரு திருத்தம்: ஆணையர் 3 மாசத்தில் வழக்கை முடிக்கணும். ஒரு கம்பு வெள்ளாமைக் காலம்.

அப்புறம் ஏன் இழுக்குது? செத்தவர் அங்கே வேலை பார்த்தாரா என்பதுதான் முதல் கேள்வி. 2021 பிப்ரவரி 12ல் வெடித்த அச்சங்குளம் ஆலை, உள்குத்தகைக்கு விடப்பட்டது. உள்குத்தகையில் லைசென்ஸ் ஒருத்தர் பேரில், சம்பளம் இன்னொருத்தர் கையில். வருகைப் பதிவேட்டில் பல பேர் விடுபட்டுப் போகும். முதலாளி யார் என்று நிரூபிக்கவே வருசம் ஓடும்.

வேலைக்குக் கிளம்புறவங்ககிட்ட நான் கேட்கிறது ஒண்ணுதான்: நோட்டில் உங்க பேர் இருக்கா?