நூறு ரூபாய் நோட்டும் பதினாறு படிகளும்

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் பணம் எண்ணியவன் நான். வெளிநாடு போனாலும் முதலில் அந்த ஊர் நோட்டைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பேன். மொரீஷியஸ் விமான நிலையத்தில் என் மாப்பிள்ளை, "இதைப் பாருங்க மாமா" என்று ஒரு நூறு ரூபாயை நீட்டினார். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழியில் எழுத்து. படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், அந்த நாட்டில் மந்திரியாக இருந்த தமிழர். மற்ற நோட்டுகளில் ஒரு சீனர், ஒரு முஸ்லிம் தலைவர், ஒரு கிரியோல் தலைவர், பீகார் வம்சாவளியில் வந்த முதல் பிரதமர் ராம்கூலம் என்று ஆளுக்கொரு நோட்டு.

1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்களாம். தமிழர்கள் கொதித்துப் போனார்கள். இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் நாங்கள்தானே என்பது அவர்கள் வாதம். அச்சடித்த நோட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, மறு வருடம் தமிழைப் பழைய இடத்திலேயே வைத்து அடித்தார்கள். இத்தனைக்கும் அங்குள்ள தமிழர் வீடுகளில் பேசுவது பெரும்பாலும் கிரியோல்தான்!

அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. 1730-களில் பிரெஞ்சு கவர்னர் லபோர்தொனே துறைமுகம் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். அதற்கு முன்பு அது டச்சுக்காரர்கள் வந்து குடியேறி, 1710-ல் விட்டுவிட்டுப் போன தீவு. டோடோ பறவை அழிந்ததும் அவர்கள் காலத்தில்தான். 1810-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள்.

தீவு சுமார் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டர்தான். நான்கு நாளில் சுற்றிவிடலாம். ஷாமரேலில் ஏழு வண்ண மண்மேடு, பாம்பிள்மூஸ் தோட்டத்தில் தாம்பாளம் போல இலை விரிக்கும் ராட்சத அல்லி, எல்லாம் பார்த்தோம். என் மனைவிக்குத் தெருக்கடை டால் பூரிதான் பிடித்தது. "நம்ம மசால் வடையையே இங்க கேக்குங்கிறாங்க" என்று சிரித்தாள். மிளகாய் போட்ட அந்த வடையை அங்கே பிரெஞ்சில் 'மிளகாய் கேக்' என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு இடங்கள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்று, தென்மேற்கு மூலையில் கடலை ஒட்டி நிற்கும் லெ மோர்ன் மலை. 556 மீட்டர் உயரம். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய ஆப்பிரிக்க, மலகாசி அடிமைகள் இதில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1-ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லப் போலீஸ்காரர்கள் மேலே ஏற, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து மேலிருந்தவர்கள் குதித்து இறந்தார்கள் என்று சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது யாரும் பேசவில்லை.

மற்றொன்று, தலைநகர் போர்ட் லூயியில் உள்ள அப்ரவாசி காட். அடிமைகள் போனால் கரும்பு வெட்ட யார்? 1834 நவம்பர் 2-ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். பிறகு சென்னையிலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். மொத்தம் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். 1849 முதல் அவர்களை இறக்கிப் பதிவு செய்த இடம் இது. அவர்கள் ஏறிவந்த பதினாறு கருங்கல் படிகள் இன்றும் இருக்கின்றன.

எங்கள் அப்பாயி சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போது சொல்வார்: "எங்கப்பாவோட அண்ணன் மோரீசுக்குப் போனாருடா, திரும்பவே இல்ல." அதை நான் ஏதோ ராஜா கதை போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படிகளின் எதிரே நின்றபோதுதான் சுருக்கென்றது.

மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் அந்தக் காலப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வந்த பலருடைய புகைப்படமும் உண்டு. போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி பொறுமையாக விசாரித்தார். ஆள் பெயர்? தகப்பனார் பெயர்? கிராமம்? எந்த வருடம், எந்தக் கப்பல்? மாயவரம் பக்கம் என்பதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. அப்பாயி பெயரைச் சொன்னதே கிடையாது. நானும் கேட்டது கிடையாது.

ஊர் திரும்பியதும் 91 வயதான எங்கள் அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் வீராசாமி என்றார். மறுநாள், "இல்லடா, வீரமுத்து" என்றார். இரண்டு பெயரையும் எழுதி மோக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.