நின்றிருக்கும் ஸ்னோமொபைலில் பெட்ரோல், எண்ணெய் வாடை

ஓட்டம் முடிந்து நிறுத்திவைத்த ஸ்னோமொபைலில் இருந்து பெட்ரோல் வாடையோ எண்ணெய் வாடையோ வருவது, பனிநாடுகளில் அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. கியூபெக் மாநிலத்தின் வால்கோர்ட் ஊரில் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1959-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஸ்கி-டூ’வில் முதலில் இருந்தது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் நிறுவனத்து டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் ஏறிய பிறகு எடைக்கேற்ற வலு கூடியது, வாடையும் கூடியது. வாடை வந்ததும் முகப்பு மூடியைத் திறந்து, எங்கே அதிகம் நாறுகிறது என்று முகர்ந்து பார்த்து, அந்த இடத்தில் உள்ள ஹோஸையோ கிளாம்பையோ மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்வது. பல சமயம் வாடை போவதில்லை. காரணம் எளிது: இந்த வண்டியைப் பொறுத்தவரை வாடை எந்த இடத்தில் வருகிறது என்பதைவிட எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். மூக்கு ஒரு மோசமான தராசு. ஆனால் பொழுது குறித்துவைக்க அது போதும்.

மூக்கு ஏன் மோசமான தராசு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் கால் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே மனித மூக்கு உணர்ந்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதே ஆவி தீப்பற்ற வேண்டுமானால் காற்றில் குறைந்தது 1.4 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 14,000 பங்கு இருக்க வேண்டும். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் கொண்ட ஒரு கராஜை எடுத்துக்கொள்வோம். காற்றோட்டமே இல்லாவிட்டால், அந்த அறை முழுவதும் வாடை தெரிய ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பெட்ரோல் போதும். இரண்டு மூன்று சொட்டு. அறை முழுவதும் எரியும் நிலையை அடைய ஏறக்குறைய ஐந்து லிட்டர் ஆவியாக வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஐம்பதாயிரம் மடங்கு இடைவெளி. அந்த நெடுந்தூரத்தில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லாது. போதாக்குறைக்கு, சில நிமிடங்களில் அது பழகிப்போய் வாடையே இல்லை என்றும் சொல்லிவிடும்.

இடத்தைக் காட்டுவதிலும் மூக்கு தடுமாறுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்த இடத்தில் அது நிற்பதில்லை. தண்ணீரைப் போலத் தாழ்வை நோக்கி வழியும். ஸ்னோமொபைலின் வயிற்றுப் பக்கம் ஒரு பெரிய அடித்தட்டு இருக்கிறது. மேலே எங்கே கசிந்தாலும் ஆவியும் திரவமும் அதில்தான் வந்து சேரும். ஆகவே வாடை மிகுதியாக இருக்கும் இடம் கசிவின் இடமன்று, வண்டியிலேயே தாழ்வான இடம். அமெரிக்காவின் கட்டட விதிகள் கராஜில் வைக்கும் வெந்நீர்க் கொதிகலனின் தீமூட்டும் பகுதி தரையிலிருந்து குறைந்தது 46 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதும் இந்தக் கனத்தை எண்ணித்தான். அறை முழுவதற்கும் ஐந்து லிட்டர் வேண்டும் என்ற கணக்கு தரைமட்டத்துக்குப் பொருந்தாது. ஒரு மூலைப் பள்ளத்தில் மிகக் குறைந்த பெட்ரோலே எரியும் கலவையை உண்டாக்கிவிடும்.

நேரத்தைக் கொண்டு பார்த்தால் முதலில் பிரிந்து தெரிவது இயல்பான வாடை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புதுக்கலவை உள்ளே வரும்போதே எரிந்த புகை வெளியேறுகிறது. இரண்டு வாசல்களும் ஒரே நேரம் திறந்திருப்பதால் உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியே போய்விடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது நான்கில் ஒரு பங்கு வரை, சில நேரம் அதற்கு மேலும் போகும். கூடவே எரியாத எண்ணெயும் போகும். சென்னையின் பழைய ஆட்டோக்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் 2002 குளிர்காலத்தில் பூங்காக் காவலர்கள் சுவாசக் கவசம் அணிந்து வேலை பார்த்ததும், அவர்களின் சாவடிக்குள் குழாய் வழியே நல்ல காற்றைச் செலுத்த வேண்டியிருந்ததும் இந்தப் புகையால்தான். இன்ஜின் நின்ற பிறகு புகைக்குழாயின் உட்சுவரில் படிந்த எண்ணெய்ப் பசை சூட்டில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குளிர்காற்று நின்றுபோனதால் இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலையும் ஆவியாக்கும். இவை இரண்டும் முதல் சில மணி நேரத்துக்கு உரியவை. மாலையில் நிறுத்திய வண்டியில் மறுநாள் காலை வாடை அநேகமாக அடங்கியிருந்தால் அங்கே பழுது தேடுவது வீண்வேலை.

“டூ ஸ்ட்ரோக் என்றால் நாறத்தான் செய்யும்” என்று எல்லாவற்றையும் தள்ளிவிடும் மெக்கானிக்குக்கும் இதே நேரக்கணக்குதான் பதில். இயல்பான வாடை தேயும். மூன்றாம் நாளும் முதல் நாள் போலவே நாறினால், வேறெங்கிருந்தோ புதிதாக ஏதோ ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அதற்குப் புகைக்குழாயைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

இரண்டாவது வகை, குளிரில் நின்ற வண்டியை வெதுவெதுப்பான கராஜுக்குள் கொண்டுவந்ததும் எழும் வாடை. பெட்ரோல் ஒவ்வொரு பத்து டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். மைனஸ் 25 டிகிரியில் விளிம்பு வரை நிரப்பிய 40 லிட்டர் டேங்க் 15 டிகிரி அறைக்குள் வந்தால், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஒன்றரை லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் டேங்கின் காற்றுக்குழாய் வழியே வழியும். டேங்கில் இடம் விட்டிருந்தாலும், மேலே உள்ள காற்று விரிந்து ஆவியைச் சுமந்துகொண்டு அதே குழாய் வழியே வெளியேறும். குளிர்காலப் பெட்ரோலில் உறைகுளிரிலும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக பியூட்டேன் கூடுதலாகக் கலக்கிறார்கள். அது வெதுவெதுப்பில் இன்னும் வேகமாகப் பறக்கும். கார்களில் இந்த ஆவியைப் பிடித்துவைக்கக் கரித்தூள் பெட்டி இருக்கிறது. ஸ்னோமொபைலில் வழக்கமாக அது இல்லை. வெதுவெதுப்பான இடத்தில் நிறுத்துவதற்கு முன் டேங்கை நிரப்பாதே என்று வண்டியோடு வரும் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். இந்த வாடை, வண்டி அறையின் வெப்பநிலையை எட்டும் வரைதான் நிற்கும்; பெரும்பாலும் ஓர் இரவு. அதைக் கசிவு என்று எண்ணி காற்றுக்குழாயை அடைத்துவிடுபவர்களும் உண்டு. அதைவிட மோசமான வைத்தியம் இல்லை: உள்ளே ஏறும் அழுத்தம் டேங்க் மூடியிலோ, இணைப்பிலோ, கார்புரேட்டர் ஊசியிலோ வழி தேடிக்கொள்ளும்.

மூன்றாவதாக, எந்தப் பழுதும் இல்லாமலேயே நாள்தோறும் மெல்லிதாக நிற்கும் வாடை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் டேங்கின் சுவரையும் ரப்பர் ஹோஸின் சுவரையும் பெட்ரோல் மூலக்கூறுகள் ஊடுருவி வெளியே வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் வகுத்த விதி, 2008 மாடல் முதல் இந்த ஊடுருவலுக்கு வரம்பு வைத்தது: டேங்க் சுவரில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம், ஹோஸில் 15 கிராம். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள டேங்க் விதிக்கு உட்பட்டே நாளைக்கு ஒன்றரை கிராமை வெளிவிடலாம். மேலே சொன்ன கராஜில் மணிக்கு ஒரு முறை காற்று முழுவதும் மாறினால், அந்த ஒன்றரை கிராம் சரியாக மூக்கு உணரும் விளிம்பில் வந்து நிற்கும். காற்றோட்டம் பாதியானால் வாடை தெரியும். 2008-க்கு முந்தைய வண்டிகளுக்கு இந்த வரம்பும் இல்லை. பத்து டிகிரி சூடு ஏறினால் ஊடுருவல் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெளியே பனியில் வாடையே காட்டாத வண்டி உள்ளே வந்ததும் நாறுவது விளங்கும். பழுதானது வண்டியன்று, மாறியது இடம். எல்லா ஹோஸ்களையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி விறைத்துப்போன இருபது வருட ஹோஸ்களை மாற்றுவது நல்லதுதான், ஆனால் அது ஹோஸ் வழியாக வந்த பங்கை மட்டுமே குறைக்கும். டேங்க் சுவர் அப்படியே இருக்கும்.

இனி உண்மையான கசிவு. இங்கே கடிகாரத்தோடு டேங்கின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்னோமொபைல்களில் டேங்க் இன்ஜினுக்குப் பின்னால், இருக்கைக்கு முன்னால் இருக்கிறது. அது நிறைந்திருக்கும்போது பெட்ரோல் மட்டம் கார்புரேட்டரைவிட உயரம். பாதிக்குக் கீழே போனால் தாழ்வு. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை ஏறியதும் வழியை அடைக்க வேண்டிய ஊசி தேய்ந்திருந்தாலோ, அதன் இருக்கையில் தூசி சிக்கியிருந்தாலோ, டேங்க் நிறைந்திருக்கும்போது பெட்ரோல் தானாகவே இறங்கி வழியும். டேங்க் பாதியானதும் கசிவு நின்றுபோகும். நிரப்பிய வாரம் நாறி, ஓட்டித் தீர்த்த வாரம் நாறாத வண்டியில் இந்த ஊசியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் தாழ்ந்த சரிவில் நிறுத்தும்போது மட்டும் வரும் வாடையும் இதையே சொல்கிறது. டிரெய்லரில் ஏற்றி வந்த நாளில் மட்டும் வந்தால், ஊசி நல்லதாகவே இருக்கலாம். குலுங்கலில் மிதவை ஆடி, ஊசி இருக்கையை விட்டு எழும்பியிருக்கும். பழைய வண்டிகளில் பெட்ரோல் அடைப்புக் குழாய் இருப்பதும், ஏற்றிச் செல்லும்போது அதை மூடு என்று சொல்வதும் இதற்காகவே. அந்த அடைப்பே ஒரு சோதனைக் கருவியும் ஆகும். ஓரிரவு திறந்துவைத்தும் மறு இரவு மூடியும் பார்த்தால், கோளாறு டேங்க் பக்கமா கார்புரேட்டர் பக்கமா என்பது ஒரு ஸ்பேனரைத் தொடாமலே தெரிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் வழிந்த பெட்ரோல் கிராங்க்கேஸில் நிறையும். கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் ஓடும் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தாலும் பெட்ரோல் அந்தத் துடிப்புக் குழாய் வழியே அங்கேதான் போய்ச் சேரும். அப்படி நிறைந்த இன்ஜினை வேகமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராட் வளையவும் கூடும்.

எண்ணெய் வாடை என்று சொல்லப்படுவது பல நேரம் எண்ணெய் வாடையே அன்று. சாதாரண வெப்பநிலையில் எண்ணெய் ஆவியாவது மிக அற்பம். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் பெட்ரோலில் எளிதில் கலக்க வேண்டும் என்பதற்காக மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் அதில் சேர்க்கப்படுவதுண்டு. கசிந்த எண்ணெயிலிருந்து முதலில் மூக்குக்கு எட்டுவது அந்தக் கரைப்பான்தான். எண்ணெய்க் குழாயில் உள்ள ஒருவழி வால்வு தளர்ந்தால், நிற்கும் நாட்களில் எண்ணெய் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கும். வாடை குறைவாகவே இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் நின்று கிளப்பும்போது வெண்புகை மண்டும். எண்ணெய் டேங்கில் மட்டத்தை ஒரு துண்டு டேப்பால் குறித்துவைத்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் போதும். அழுகிய முட்டைக்கு அண்ணன் முறையான கந்தக நெடி என்றால் அது செயின்கேஸ் என்ற சங்கிலிப் பெட்டியின் கியர் எண்ணெய். அதன் சேர்மங்களில் கந்தகம் உண்டு. இனிப்பு நெடி குளிர்விப்பு நீருக்கு உரியது. இந்த இடத்தில் மட்டும் மூக்கின் தரம்பிரிக்கும் திறனை நம்பலாம்.

இந்த முறைக்கு வலுவான மறுப்பு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளிடமிருந்து வருகிறது. அவற்றில் பம்ப் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் சிறிது நேரம் தங்கும். இணைப்பில் கசிவு இருந்தால் நிறுத்தியதும் வாடை மிகுந்து, அழுத்தம் இறங்க இறங்கக் குறையும். இயல்பான வாடையைப் போலவே தேயும். கடிகாரம் இங்கே ஏமாறத்தான் செய்யும். ஆகையால் இரண்டாவது வேளையும் தேவைப்படுகிறது: இரவெல்லாம் ஆறிய வண்டியைக் கிளப்பிய முதல் நிமிடம். அப்போது இன்ஜினில் சூடு இல்லை. கார்புரேட்டர் வண்டியைப் போல ஆவியாகக் கிண்ணமும் இல்லை. புகைக்குழாய்ப் பக்கம் அல்லாமல் முகப்பு மூடிக்கு அடியில் பச்சைப் பெட்ரோல் நெடி எழுந்தால் அது அழுத்தக் கசிவு. ஓடவிட்டுத் தேடக் கூடாது. உடனே நிறுத்த வேண்டும். கீழே சொட்டு விழுந்தால்தான் கசிவு என்று காத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லலாம்: மெல்லிய கசிவு தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும், மிச்சத்தை அடித்தட்டு பிடித்துக்கொள்ளும். தரை உலர்ந்திருப்பது எதையும் நிரூபிக்காது. மின்னணு ஆவிமானி நல்ல துணை. ஆனால் அதுவும் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது.

வீட்டோடு ஒட்டிய கராஜில் இந்தச் சோதனையை வாரக்கணக்கில் இழுக்கக் கூடாது. கனடாவின் நலத்துறை 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டுக்குள் இருக்கும் பென்சீனுக்கு முக்கிய ஊற்றாக ஒட்டிய கராஜையே சுட்டுகிறது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். தேயாத வாடை தெரிந்ததும் வண்டியை வெளியே தள்ளிவிட்டு, பேட்டரி சார்ஜரையும் ஹீட்டரையும் அந்த இடத்திலிருந்து விலக்கி, பிறகு தேடுவதே முறை. தேடுவதற்கு முன் அடித்தட்டைக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். பழைய கசிவின் மிச்சம் இருக்கும் வரை கடிகாரம் தொடங்காது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சத்தத்தைக் குறைக்க மூடியின் உட்புறமும் அடித்தட்டின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும் பஞ்சுத் திண்டுகள் பெட்ரோலையும் எண்ணெயையும் உறிஞ்சி வாரக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். ஊசியை மாற்றி, கிளாம்பை இறுக்கி, கசிவு நின்ற பிறகும் வாடை போகாத வண்டிகளில் பெரும்பாலும் நாறுவது இந்தப் பஞ்சுதான். அதைப் பிய்த்து எடுத்து வெளியே போட்டுவிட்டு மூன்று நாள் கழித்துக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.