இணைத் துப்பாக்கிகள்

ஒரு துப்பாக்கியை உடையவன் அதே துப்பாக்கியை, அதே நீளமும் அதே எடையும் அதே குழல் அளவும் உடையதாக, மறுமுறையும் விலை கொடுத்து வாங்குவது எதற்கு? இதனைக் கேட்டவுடன் நம் தோழர்களிற் பலர், "பணக்கொழுப்பு" என்று ஒரே சொல்லில் விடை கூறி விடுவர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்குங்கால், அவ்விடை முழுவதும் பொய்யன்று எனினும், முழுவதும் மெய்யுமன்று என்பது புலனாகின்றது. மரஞ் சீவும் தொழிலாளி இரண்டு உளி வைத்திருந்தால் அதனை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. ஒன்று மழுங்கினால் மற்றொன்று வேண்டும், வேலை நில்லாது. துப்பாக்கியின் கதையும் அங்கேதான் தொடங்குகின்றது.

பழைய துப்பாக்கி ஒரே ஒரு முறைதான் சுடும். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, கிண்ணியில் சிறிது மருந்து தூவி, சிக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி எழ வேண்டும். நன்கு பழகிய போர்வீரனும் நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறைக்கு மேற் சுட இயலாது. மழைத்தூறல் பட்டாலோ அந்த ஒன்றும் வெடியாது போகும். ஆகவே, எதிரி முன்னே நிற்கையில் இரண்டாம் முறை சுட விரும்பியவனுக்கு இரண்டாவது துப்பாக்கியே வழி. 1718-ஆம் ஆண்டில் மாண்ட "கருந்தாடி" என்னும் ஆங்கிலக் கடற்கொள்ளையன் மூன்று இணைக் கைத்துப்பாக்கிகளைத் தோளில் வாரிட்டுத் தொங்கவிட்டிருந்தான் என்று, அவன் இறந்த சில ஆண்டுகளில் லண்டனில் வெளியான நூல் கூறுகின்றது. ஆறு துப்பாக்கி, ஆறு வெடி. அவனைக் கொழுப்பெடுத்தவன் என்று வேறு காரணங்களுக்காகச் சொல்லலாம். இந்தக் காரணத்திற்காகச் சொல்லுதல் தகாது.

இனி, சீமான்கள் மானத்தின் பெயரால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட துவந்த யுத்தத்தைப் பார்ப்போம். அதற்கென்றே ஒரு பெட்டியில் இரண்டு கைத்துப்பாக்கிகளை அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகச் செய்து விற்றனர். வியப்பு யாதெனில், இங்கே இரண்டாவது துப்பாக்கி உடையவனுக்கன்று. அவனைக் கொல்ல வருபவனுக்கு! இருவர் கையிலும் ஒரே கருவி இருந்தால்தான் கொலை நியாயமாகும் என்பது அவர்களுடைய சாத்திரம். 1804-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சராயிருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனை, அப்போது துணைத் தலைவராக இருந்த ஆரன் பர் சுட்டு வீழ்த்தியது அத்தகைய ஓர் இணையில் ஒன்றினாலேயாகும். அந்த இணை ஹாமில்டனுடைய மைத்துனி கணவனுக்கு உரியது, லண்டனில் செய்யப்பட்டது. அதில் ஒரு சூட்சுமமும் இருந்தது. விசையை முன்னோக்கித் தள்ளிவிட்டால் பின்னர் மயிரிழை அளவு தொட்டாலே வெடிக்கும்படி உள்ளே ஒரு வில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனைப் பூட்டட்டுமா என்று தம் துணைவர் கேட்டதற்கு, இம்முறை வேண்டா என்று ஹாமில்டன் மறுத்ததாகக் கூறுவர். கருவி இரண்டும் ஒன்றே. ஆயின் அதன் இரகசியம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அது ஒன்றன்று. மேல்தட்டாரின் "சமநீதி" பல இடங்களில் இத்தகையதாகவே இருத்தலை நாம் கண்டிருக்கின்றோம்.

ஆறு முறை சுடும் ரிவால்வர் வந்த பிறகாவது ஒன்று போதுமே எனலாம். போதவில்லை. 1847-இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்க அரசாங்கத்தின் குதிரைப் படைக்கு ஆயிரம் ரிவால்வர்கள் செய்து கொடுத்தார். அவை ஆளுக்கு இரண்டாக வழங்குதற்கு உரியவை; ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளதாதலின், சேணத்தின் இரு புறத்தும் தொங்கவிட்டனர். உருவமைப்பில் யோசனை கூறிய கேப்டன் வாக்கருக்குக் கோல்ட் தனியே ஓர் இணையை அனுப்பினார். அது கிடைத்த சின்னாட்களில், அக்டோபர் 1847-இல், அவர் மெக்சிக்கோவில் வாமந்த்லா என்னும் ஊரில் போரில் மாண்டார். ஆறு அறையையும் ஒவ்வொன்றாக நிரப்புவது, ஓடும் குதிரையின் மேலிருப்பவனுக்கு ஆகாத காரியம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாஸ்பி என்பாரின் குதிரைவீரர்களும் ஆளுக்கு இரண்டு ரிவால்வர் பூண்டே திரிந்தனர்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். "ஒரே மாதிரி" என்று இதுகாறும் சொல்லி வந்தோமே, அஃது அந்நாளில் கண்ணுக்கு ஒரே மாதிரி, அவ்வளவே. ஒரு கொல்லன் கையால் அராவிச் செய்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றின் ஆணி மற்றொன்றிற் பொருந்தாது. போர்க்களத்தில் ஒரு வில் முறிந்தால் துப்பாக்கி முழுவதும் கொல்லன் பட்டறைக்குச் செல்ல வேண்டும். இதனை மாற்றலாம் என்று காட்டியவர் ஒனோரே பிளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர். 1785-இல் பாரிசில் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சனிடம் அவர் ஐம்பது துப்பாக்கிகளுக்குரிய வெடிப்பொறியின் உறுப்புக்களைப் பிரித்துக் காட்ட, ஜெபர்சன் கைக்கு வந்தவற்றை எடுத்துப் பலவற்றைத் தாமே பூட்டிப் பார்த்து, எல்லாம் பொருந்தியதாகத் தம் நாட்டிற்கு எழுதினார். பின்னர் 1798-இல் ஈலை விட்னி என்பவர் இரண்டாண்டில் பதினாயிரம் துப்பாக்கி தருவதாக அமெரிக்க அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1801-இல் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புக்களை மாற்றி மாற்றிப் பூட்டி வித்தை காட்டினார். ஒப்பந்தம் முடிந்ததோ 1809-இல்! எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பள்ளிப் புத்தகத்தில் அவரை இம்முறையின் தந்தை என்று நாம் மனப்பாடம் செய்ததை எண்ணினால் இப்போது சிரிப்பு வருகின்றது. மெய்யாகவே அதனைச் செய்து முடித்தவர்கள் ஜான் ஹால் போன்றோரும், 1820-களில் ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்னும் அரசாங்கத் தொழிற்சாலையில் உழைத்தவர்களுமே. 1854-இல் ஆங்கிலேயரே அமெரிக்கா சென்று கண்டு, அவ்வியந்திரங்களை வாங்கி வந்து, லண்டனுக்கு அருகே என்பீல்டில் நிறுவினர்.

அன்று முதல் இரண்டாவது துப்பாக்கிக்குப் புதியதொரு பயன் உண்டாயிற்று. அது முதலாவதற்கு உறுப்புக் களஞ்சியம். செய்த கம்பெனி அவ்வகையைக் கைவிட்டு விட்டாலும், ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றை உயிர்ப்பிக்கலாம்.

ஆனால் இணைத் துப்பாக்கி என்றவுடன் உலகம் நினைப்பது போர்வீரனையன்று, இங்கிலாந்தின் பிரபுக்களையே. 1814-இல் தொடங்கிய பர்டி, 1835-இல் தொடங்கிய ஹாலண்ட் முதலிய லண்டன் கடைகள் தையற்காரர் போல் வாங்குவோரின் கை நீளம், கழுத்து, தோள் யாவும் அளந்து இரட்டைக்குழல் துப்பாக்கி செய்தன. இணையாக வேண்டுவோருக்கு ஒரே அக்ரூட் மரத்துண்டிலிருந்து இரண்டு கட்டைகளையும் அறுத்தனர். எடையும் நிறைமையமும் இம்மியும் பிசகாதபடி இழைத்தனர். கண்ணால் இன்னது என்று அறிய முடியாமையால் 1, 2 என்று பொன்னால் எண் பதித்தனர். இவ்வளவும் எதற்கு? பிரபு பார்வையை வானத்திலிருந்து எடாமலே கை நீட்டுவார். சுட்டு ஓய்ந்ததைக் கொடுத்து நிரப்பியதை வாங்குவார். கையில் வந்தது முதலாவதா இரண்டாவதா என்று அவருடைய தோளும் கன்னமும் அறியக் கூடாது. அறிந்தால் குறி தவறும்.

அப்படியானால் கொடுப்பவன் யார்? அவனே நாம் கவனிக்க வேண்டியவன். இணைத் துப்பாக்கி என்பது இரண்டு துப்பாக்கியும் ஒரு மனிதனும் சேர்ந்த பொருள். அவன் பிரபுவின் பின்னே நின்று நிரப்புவான், நீட்டுவான், வாங்குவான். தான் ஒரு முறையும் சுடான். ரிப்பன் கோமகனாகப் பின்னர்ப் பட்டம் பெற்ற டி கிரே பிரபு மூன்று துப்பாக்கிகளும், நிரப்புவதற்கு இரண்டு ஆட்களுமாகச் சுட்டார். தம் மாளிகையில் மாலை வேளையில் அவர்களை நிறுத்தி, வெறுந் துப்பாக்கியைக் கை மாற்றிப் பழகுவார் என்பர். சாண்டரிங்காமில் ஒருமுறை அறுபது நொடியில் இருபத்தெட்டு பெசன்ட் பறவைகளை வீழ்த்தினாராம். கணக்கெழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட நாம் அவருடைய வேட்டைக் கணக்கை வியவாமல் இருக்க முடியவில்லை: 1867 முதல் 1923 வரை அவர் கொன்ற பறவைகளும் விலங்குகளும் ஐந்தரை லட்சத்திற்கு மேல்! 1923 செப்டம்பரில், யார்க்ஷயர் மேட்டுநிலத்தில், காலையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பறவைகளைச் சுட்ட பிறகு அங்கேயே விழுந்து உயிர் நீத்தார்.

இது தனி ஒருவரின் பித்தன்று. 1913 டிசம்பர் 18-ஆம் நாள் ஹால் பார்ன் என்னுமிடத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உள்ளிட்ட ஏழு பேர் ஒரே நாளில் 3,937 பெசன்ட்களைச் சுட்டனர். மன்னர் பங்கு ஆயிரத்திற்கு மேல். திரும்பும் வழியில், இன்று சற்று அளவு மீறிவிட்டோமோ என்று மன்னரே தம் மைந்தரிடம் சொன்னார் என்பர். அவ்வளவு பறவைகளும் வளர்த்து விடப்பட்டவை. கோல் கொண்டு கலைப்பதற்குக் கூலியாட்கள் வரிசையாக நடந்தனர். உண்பதற்கென்று சுட்டது அன்று.

இதே சீமான்களின் ஆட்சிதான், 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில், இந்தியாவில் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தது. அனுமதிச் சீட்டு இன்றி இந்தியன் ஆயுதம் வைத்திருத்தல் குற்றம். ஐரோப்பியருக்கோ விதிகளின்படி விலக்கு. தஞ்சை மிராசுதார் ஒருவர் வயலை அழிக்கும் பன்றியைச் சுடக் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கலெக்டரோ விண்ணப்பமின்றி இணைத் துப்பாக்கியைப் பெட்டியோடு கப்பலில் கொணரலாம். மிராசுதாரிடம் கூலி வேலை செய்த பண்ணையாளின் நிலையைச் சொல்லவே வேண்டா. பன்றி அவன் குடிசைத் தோட்டத்தையும்தான் அழித்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் இச்சட்டம் எதிர்க்கப்பட்டது. விபின் சந்திர பாலர் அதன்மேல் முழங்கினார். துப்பாக்கி வேண்டும் என்ற ஆசையினால் அன்று. ஒரு நாட்டில் ஒரு சாராரை நம்பத்தக்கவர் என்றும் மற்றவரை நம்பத்தகாதவர் என்றும் தோல் நிறத்தால் பிரித்ததனால். அத்தீர்மானத்தை இப்போது படித்தாலும் அந்தச் சினம் நமக்கு விளங்குகின்றது.

இன்று ஒரே துப்பாக்கியை இரண்டாக வாங்குவோர் மிகுதியாக உள்ள நாடு அமெரிக்காவே. பொதுமக்கள் கையில் அங்கே 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன என்று 2017-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று மதிப்பிட்டது. ஆட்தொகையினும் அது மிகுதி. எனினும் அது எல்லோரிடமும் பரவியதன்று. 2015-இல் நடந்த ஓர் ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு மூவரிடமே ஏறக்குறையப் பாதித் துப்பாக்கிகள் குவிந்திருந்தன. அவர்களிடம் சராசரி ஆளுக்குப் பதினேழு. போட்டிகளிற் சுடுபவர், விசையின் அழுத்தம் முதற்கொண்டு ஒத்த இரண்டாவது ஒன்றை உடன் கொண்டு செல்கின்றனர். நடுப்போட்டியில் ஒன்று பழுதானால் பழகிய கை தடுமாறாது. இது நம் உளியின் நியாயமே. சட்டத்தை அஞ்சி வாங்குவோர் வேறு. 1994 செப்டம்பரில் சில வகைத் துப்பாக்கிகளைப் புதிதாய்ச் செய்யவும் விற்கவும் தடை விதித்த சட்டம், முன்னரே ஒருவரிடம் இருந்ததைத் தொடவில்லை; 2004 செப்டம்பரில் அது காலாவதியாயிற்று. இருப்பதைத் தொடார், வருவதையே தடுப்பர் என்ற பாடத்தை மக்கள் அதிலிருந்து கற்றனர். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியோரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, புதிய தடை வரும் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில், கடைகளில் துப்பாக்கி விற்பனை பெருகிற்று. அந்த நாட்களில் வாங்கப்பட்ட இரண்டாவது துப்பாக்கி பலரிடம் எண்ணெய் பூசி, உறை கழற்றாமல், ஒருமுறையும் சுடப்படாமல், இரும்புப் பேழையிற் கிடக்கின்றது.